விடுதியில் கட்டிலை எண்ணுகிறோம், மேசையை எண்ணுவதில்லை

தர்மபுரியில் பிசியோதெரபி பார்ப்பவள் நான். செமஸ்டர் தேர்வு நெருங்கினால் கழுத்துவலி, தோள்வலி என்று கல்லூரிப் பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். கூட வரும் அப்பா அம்மா சொல்லும் காரணம் ஒன்றுதான்: "எந்நேரமும் போனுதாங்க மேடம்." போனும் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் எங்கே உட்கார்ந்து படிக்கிறாய் என்று அந்தப் பிள்ளையை யாரும் கேட்பதில்லை. நான் கேட்பேன். விடுதியில் தங்கியிருப்பவர்கள் பெரும்பாலும் சொல்வது, "கட்டில்லதான் மேடம்."

பென்னாகரம் பக்கத்துப் பெண் ஒருத்தி, பி.எஸ்சி. கணிதம். எப்படிப் படிப்பாய், உட்கார்ந்து காட்டு என்றேன். இரண்டடுக்குக் கட்டிலில் அவளுக்குக் கீழ்ப்படுக்கை. நிமிர்ந்தால் மேல்கட்டிலின் இரும்புச் சட்டம் தலையில் இடிக்கும். அதனால் முதுகை வளைத்துக்கொண்டு, மடியில் தலையணை, அதன்மேல் பரீட்சை அட்டை, அதன்மேல் நோட்டு. எழுதும்போது வலது தோள் காதுப்பக்கம் ஏறி நிற்கிறது. அறைக்கு ஒரே டியூப்லைட், அதுவும் எதிர்ச் சுவரில் உயரத்தில். மேல்கட்டிலின் நிழல் நோட்டின் மேல் விழுவதால் இன்னும் குனிகிறாள். நான் எத்தனை பயிற்சி சொல்லிக் கொடுத்தாலும், ராத்திரி அதே கட்டிலில் அதே மாதிரி உட்கார்ந்தால் வலி திரும்பி வரத்தான் செய்யும்.

நம் தலையின் எடை சுமார் 5 கிலோ. 60 டிகிரி குனிந்தால் கழுத்தெலும்பு தாங்கும் சுமை 27 கிலோ அளவுக்குப் போகும் என்று அமெரிக்க முதுகெலும்பு அறுவை மருத்துவர் ஒருவர் 2014-இல் கணக்கிட்டுச் சொன்னார். ஒரு சிப்பம் அரிசியை விட அதிகம். கழுத்துத் தசை இறுகும், தலைவலி வரும், கை மரத்துப்போகும். வலிக்கும் உடம்போடு எவ்வளவு நேரம் கணக்கில் மனது நிற்கும்? "இந்தப் பிள்ளைக்குப் பொறுமையே இல்லை" என்று திட்டுவதற்கு முன்னால் இதை யோசிக்க வேண்டும்.

விடுதி என்றாலே எத்தனை பேர் படுக்கலாம் என்றுதான் கணக்குப் போடுகிறோம். எத்தனை பேர் உட்கார்ந்து படிக்கலாம் என்று கணக்கில்லை. அரசு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது 2011-இல். நல்ல திட்டம். ஆனால் நான் பார்த்த பல விடுதி அறைகளில் அதை வைக்க ஒரு மேசை கிடையாது.

அஞ்செட்டி, சித்தேரி, வத்தல்மலை என்று மலையோரத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கு விடுதியை விட்டால் வேறு வழியில்லை. பெற்றோர் பலர் பெங்களூரில் கட்டட வேலையிலோ திருப்பூரிலோ இருப்பார்கள். பையன்களாவது நூலகத்துக்கோ நண்பன் அறைக்கோ போய்விடலாம். பெண்கள் விடுதியில் மாலையிலேயே கேட்டைப் பூட்டிவிடுகிறார்கள். அப்புறம் அவளுக்கு அந்தக் கட்டில்தான் எல்லாம்.

இதற்குக் கோடிகள் வேண்டாம். 75 செ.மீ. உயரத்தில் ஒரு மேசை, 45 செ.மீ. உயரத்தில் முதுகு சாய்க்கும்படி ஒரு நாற்காலி, பாதம் தரையில் பதிய வேண்டும், முழங்கை மேசை மட்டத்துக்கு வர வேண்டும். வலது கையால் எழுதுபவருக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வந்தால் கை நிழல் எழுத்தில் விழாது. அவ்வளவுதான். அறையில் இடமில்லையா, சரி, மெஸ் ஹாலைத் திறந்து விடுங்கள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் துடைத்துப் பூட்டி வைக்கும் அந்த நீள மேசைகளில் பதினோரு மணி வரை படிக்கட்டுமே. கூடுதலாக நான்கு டியூப்லைட், ஒரு பொறுப்பாளர் போதும். ஒரு வார்டன் அக்காவிடம் இதைச் சொன்னேன். "கரண்ட் பில் யார் கட்டுறது மேடம்?" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு மேலே இருப்பவர்கள் சொல்ல வேண்டிய பதில் அது.

அதுவரை பிள்ளைகள் செய்யக்கூடியது: டிரங்குப் பெட்டி மேல் அட்டையைச் சாய்த்து வைத்துப் புத்தகத்தைக் கண் மட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். முதுகு சுவரில் ஒட்டட்டும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து வராந்தாவில் ஒரு நடை. கட்டில் தூங்குவதற்கு மட்டும் என்று வைத்துக்கொள்ள முடிந்தால் தூக்கமும் நன்றாக வரும்.

சேர்க்கை நேரத்தில் பெற்றோர் சாப்பாடும் தண்ணீரும் எப்படி என்று கேட்கிறீர்கள். மேசை இருக்கிறதா என்றும் கேளுங்கள். முன்னாள் மாணவர் சங்கங்கள் ஆண்டுவிழாவுக்குச் சுவர்க்கடிகாரம் வாங்கிக் கொடுப்பதற்குப் பதிலாக, தர்மபுரி, கிருஷ்ணகிரியில் ஏதாவது ஒரு விடுதிக்குப் பத்து மேசை செய்து கொடுக்கலாம். தச்சரிடம் கொடுக்க அளவு வேண்டுமென்றால் கேளுங்கள், வரைந்தே தருகிறேன்.