மூங்கில் அணத்தானுக்கும் இடம் தந்திருக்கலாம்

வெப்பமண்டலச் சிறு பாலூட்டிகளின் பரிணாமம் குறித்து நான் படித்த கட்டுரை வௌவால்களையும் எலி முதலான கொறிவிலங்குகளையும் விரிவாகப் பேசியிருப்பது பொருத்தமே. பாலூட்டி இனங்களில் பெரும்பகுதி அவைதாம். ஆனால், தென்கிழக்காசியத் தீவான போர்னியோவில் வாழும், அணிலைப் போன்ற சிறு பாலூட்டிகளான மர மூஞ்சூறுகளைக் குறிப்பிட்ட கட்டுரையாளர், அவற்றின் உறவான மூங்கில் அணத்தானைச் சொல்லாமல் விட்டது தருமபுரிக்காரனான எனக்குப் பெருங்குறையாகவே படுகிறது; எங்கள் வத்தல்மலைக்கு அண்டையிலுள்ள சேர்வராயன் மலையில் பதிவான உயிரினம் அது.

20-க்கும் மேற்பட்ட மர மூஞ்சூறு இனங்களில் பெரும்பாலானவை தென்கிழக்காசியாவில் இருக்க, தன் பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுதியில்) தனித்து நிற்கும் இந்த ஒன்று மட்டுமே தீபகற்ப இந்தியாவில் வாழ்கிறது. பார்த்த மாத்திரத்தில் அணில் என்றே தோன்றும். கூரிய நீண்ட மூக்கையும், தோளில் ஓடும் வெளிறிய கோட்டையும், முதுகில் வரிகள் இல்லாததையும் நின்று கவனித்தால்தான் வேறுபாடு புலப்படும். பகலில் பெரும்பாலும் தரையிலேயே திரிந்து பூச்சி, மண்புழு, பழம் ஆகியவற்றைத் தின்னும் இதற்கு 38 பற்கள் உண்டு. அவை அணிலைப் போல் கொறிப்பதற்கானவை அல்ல. வெவ்வேறு வழியில் வந்த இரு உயிர்கள் ஒரே உருவத்தை அடைவதற்கு இதைவிடத் தெளிவான சான்று நம் பக்கத்தில் இல்லை. குரங்கினத்துக்கு இது நெருக்கமா, கொறிவிலங்குகளுக்கு நெருக்கமா என்பதில் மரபணு ஆய்வுகளே இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. அந்த விவாதத்தைக் கட்டுரையாளர் அடுத்த பகுதியில் விளக்க வேண்டுகிறேன்.