ஓஎஸ்/2 தோற்றது விண்டோஸ் மென்பொருள்கள் ஓடாததாலா?

"ஓஎஸ்/2 இயங்குதளத்தில் விண்டோஸ் மென்பொருள்கள் ஓடவே இல்லை, அதனால்தான் 1995 ஆம் ஆண்டோடு அது ஒழிந்தது" என்னும் வாட்ஸ்அப் செய்தி, கும்பகோணம், மன்னார்குடி வட்டாரக் கணினிப் பயிற்சி மாணவர்களிடையே சுற்றி வருகிறது. இரண்டு கூற்றுகளும் தவறானவை.

மைக்ரோசாப்டும் ஐபிஎம்மும் கூட்டாக உருவாக்கி 1987 இல் வெளியிட்ட இந்த இயங்குதளம், ஐபிஎம் மட்டும் தொடர்ந்து வளர்த்து 1992 இல் வெளியிட்ட 2.0 பதிப்பிலேயே அன்றைய விண்டோஸ் மென்பொருள்களை இயக்கியது. பின்னர் வந்த விண்டோஸ் 95-க்கென எழுதப்பட்ட புதுவகை (32-பிட்) மென்பொருள்கள் பெரும்பாலும் ஓடவில்லை என்பது மட்டுமே அச்செய்தியில் உள்ள உண்மை. உண்மையான சிக்கல் நேர்மாறானது: விண்டோசுக்கு எழுதியதே இதிலும் ஓடும் என்றான பின், ஓஎஸ்/2-க்கெனத் தனியாக எழுத மென்பொருள் நிறுவனங்களுக்குக் காரணம் குறைந்துபோனது. திறமையே பாரமாக முடிந்த கதை என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

விற்பனைக் களமும் சாதகமாக இல்லை. ஐபிஎம் தன் சொந்தக் கணினிகளுக்கே விண்டோஸ் 95 உரிமத்தை நாட வேண்டியிருந்தது. 1995 ஆகஸ்ட் 24 அன்று வெளியீட்டு விழாவுக்குச் சுமார் 15 நிமிடங்களுக்கு முன்புதான் அது கையெழுத்தானதாக அமெரிக்க நீதிமன்றம் 1999 இல் பதிவுசெய்தது.

இரண்டாவது கூற்றுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. ஓஎஸ்/2-இன் வார்ப் 4 என்னும் பதிப்பு வெளிவந்ததே 1996 இல்தான். வங்கிகளின் ஏடிஎம் இயந்திரங்களில் அதன் பின்னும் ஓடிய ஓஎஸ்/2-க்கான ஆதரவை ஐபிஎம் 2006 இறுதியில்தான் நிறுத்தியது.