ஒரு துணைக்காலைத் திருத்த ஆதார் கார்டா?

வடசென்னை கொருக்குப்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண், கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அவள் பயன்படுத்தும் எடிட்டர் திறந்தமூலம், அதாவது அதன் நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். அதில் 'கொ' என்று அடித்துவிட்டு பேக்ஸ்பேஸ் தட்டினால் துணைக்கால் மட்டும் அழிந்து 'கெ' நிற்கும். மூன்று ராத்திரி கண்விழித்து அதைச் சரிசெய்தாள். மொத்தம் பதினோரு வரி நிரல். அதை எடிட்டரை நடத்தும் திட்டத்துக்கு அனுப்பப் போனால், அரசு அடையாள அட்டையைப் போட்டோ எடுத்து ஏற்ற வேண்டுமாம், முதல் பெயர், குடும்பப் பெயர் எழுத வேண்டுமாம். அந்தத் திட்டத்தின் புது விதி.

"எந்தப் பேருண்ணா போடறது?" என்று என்னிடம் வந்தாள். ஆதாரில் அவள் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது. மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால். ரேஷன் கார்டில் ஸ்பெல்லிங்கே வேறு. குடும்பப் பெயர் என்று நம் வீடுகளில் எதைச் சொல்வது? அட்டையில் முகவரியும் இருக்கிறது. வேலைக்கு மனு போடும்போது வடசென்னை முகவரியை மறைத்து அண்ணாநகர் சித்தப்பா வீட்டு முகவரி கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். எழுதிய நிரலை மட்டும் பார்ப்பார்கள் என்று நம்பித்தான் நம் பிள்ளைகள் திறந்தமூலத்துக்கு வருகிறார்கள்.

இந்த விதியை ஆதரிப்பவர்கள் எல்லோரும் எக்ஸ்இசட் விவகாரத்தைத்தான் காட்டுகிறார்கள். எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு திறந்தமூல நிரல். அந்த பயம் நியாயமானதுதான். ஜியா டான் என்ற பெயரில் ஒருவரோ ஒரு கூட்டமோ இரண்டு வருஷத்துக்கும் மேல் ஒழுங்காக வேலை செய்து, நம்பிக்கை சம்பாதித்து, திருத்தங்களை ஏற்று வெளியிடும் பராமரிப்பாளராகவே ஆகி, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு, அதாவது கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழைய ஒரு வழி, வைத்தது. தூரத்துக் கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் அம்பலப்படுத்தினார்.

சரி, அன்றைக்கு பாஸ்போர்ட் கேட்டிருந்தால் தடுத்திருக்க முடியுமா? அவ்வளவு பொறுமையாகத் திட்டம் போட்டவர்களுக்குப் போலி அட்டை தயார் செய்வது ஒரு வேலையா? வேறு நாட்டில் இருக்கும் ஒரு தன்னார்வலர், ஆதார் நகலைப் பார்த்து அசலா போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்? அந்தப் பின்கதவைத் திறந்துவிடும் துண்டு, நிரலை எல்லோரும் பார்க்கும் பொதுக் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுக்கென்று மூட்டையாகக் கட்டிய டார் கோப்பில் மட்டும்தான் இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு ஆள் இருந்திருந்தால் சிக்கியிருக்கும். உலகமே பயன்படுத்திய அந்த நிரலைச் சம்பளமில்லாமல் ஏறக்குறைய ஒரே ஆள் தாங்கிக்கொண்டிருந்தார். பணத்தையும் ஆளையும் அங்கே போடுங்கள் என்கிறேன்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலையே எடுத்துக்கொள்ளுங்கள். 2004 முதல் ஒவ்வொரு திருத்தத்தின் கீழும் அனுப்புபவர் கையொப்ப வரி போட வேண்டும். அதற்கு 'உண்மைப் பெயர்' வேண்டும் என்றிருந்த விதியை 2023இல் 'அறியப்பட்ட அடையாளம்' என்று மாற்றினார்கள். முகமில்லாமல் வராதே, நாங்கள் அறிந்த ஆளாக வா, அவ்வளவுதான். அட்டை கேட்கவில்லை. வருஷக்கணக்கில் ஒரே பெயரில் எழுதி, கேள்விக்குப் பதில் சொல்லி, தப்பு வந்தால் திருத்துகிறவரை அந்தப் பெயரிலேயே எல்லோருக்கும் தெரியும். அப்புறம், அட்டை நகல்களை வாங்கி வைத்தால் பத்திரமாகக் காப்பது யார்? ஒருநாள் அவை கசிந்தால் அந்தப் பெண்ணுக்கு யார் பதில் சொல்வது?

அந்த எடிட்டர் திட்டத்தின் பராமரிப்பாளர்களுக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பியிருக்கிறேன். பதில் வரவில்லை. பதினோரு வரியும் அவள் லேப்டாப்பில் கிடக்கிறது. அந்த எடிட்டரில் 'கொ' அடித்து அழித்தால் இன்றைக்கும் 'கெ'தான் நிற்கிறது.