ஆன்ட்டிக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை

அந்தக் காணொளியைப் பற்றித்தான். இந்நேரம் அதைப் பார்க்காதவர்கள் யாரும் இருக்க மாட்டீர்கள். எங்கள் உறவினர் புலனக் (வாட்ஸ்அப்) குழுவிலேயே ஆளாளுக்குப் பகிர்ந்துவிட்டார்கள்.

மலேசியக் கால்பந்தின் மிகப் பெரிய பகை எது என்று அந்தத் தம்பி பேசுகிறார். நல்ல தமிழ், நல்ல குரல். குறை சொல்ல மனம் வரவில்லை. சிலாங்கூர் அணியும் ஜேடிதி என்கிற ஜோகூர் டாருல் தக்சிம் அணியும் மோதிய ஆட்டங்களை வரிசையாக அடுக்குகிறார். பிறகு, போகிற போக்கில், இதற்கு முன் நம் நாட்டில் சொல்லிக்கொள்ளும்படியான போட்டி எதுவும் இருந்ததில்லை என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் பின்னூட்டம் எழுதினேன். திட்டவில்லை. சிலாங்கூர்–சிங்கப்பூர் என்று ஒரு கதை இருக்கிறது தம்பி, 1921இல் தொடங்கியது, அதையும் ஒருநாள் பேசுங்கள் என்று மரியாதையாகத்தான் எழுதினேன். வந்த பதிலை நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். "ஆன்ட்டி, இதை உங்களுக்கு யார் எழுதிக் கொடுத்தார்கள்?" அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டவர்களில் என் நட்பு வட்டத்தில் இருப்பவர்களும் உண்டு. பெயர்களைக் குறித்து வைத்திருக்கிறேன்.

யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. கோலாலம்பூர் செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதை யாரும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.

எச்.எம்.எஸ். மலாயா என்று ஒரு போர்க்கப்பல். மலாய் மாநிலங்களின் பணத்தில் கட்டி பிரிட்டிஷ் கடற்படைக்குக் கொடுத்த கப்பல். 1921இல் அது இந்தப் பக்கம் வந்துபோனபோது அதன் மாலுமிகள் கால்பந்துக்கு ஒரு கோப்பை கொடுத்தார்கள். அதுதான் மலாயா கோப்பை. 1967 முதல் மலேசியக் கோப்பை. அதன் முதல் இறுதி ஆட்டத்தில் மோதியவர்கள் யார்? சிங்கப்பூரும் சிலாங்கூரும். சிங்கப்பூர் 2–1 என்று வென்றது. அடுத்த ஆண்டே கோப்பை சிலாங்கூருக்கு வந்தது. 1928இலும் 1929இலும் யாரும் விட்டுக்கொடுக்காமல் கோப்பையை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். போர் வரும்வரை ஒவ்வோர் இறுதி ஆட்டத்திலும் சிங்கப்பூர் இருந்தது. இன்றைய கணக்கில் சிலாங்கூர் 33 முறை வெற்றியாளர், சிங்கப்பூர் 24 முறை. இதெல்லாம் "சொல்லிக்கொள்ளும்படியாக" இல்லையாம்.

ஜேடிதி பெரிய அணி இல்லை என்று நான் சொன்னேனா? 2014 முதல் லீக் பட்டத்தை வேறு யாரையும் தொடவிடாமல் வைத்திருக்கிறார்கள். 2015இல் ஆசிய அளவிலான ஏஎஃப்சி கோப்பையை வென்ற முதல் தென்கிழக்காசிய அணி அவர்கள்தான். கைதட்டுகிறேன். ஆனால் சில ஆண்டுகளின் கணக்கை வைத்துக்கொண்டு நூறு ஆண்டுகளை இல்லை என்று சொன்னால் கைதட்ட முடியாது.

"சிங்கப்பூர் வேறு நாடு, அது எப்படி உள்ளூர்ப் பகையாகும்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஐயா, அதில்தானே அந்தப் பகையின் காரமே இருந்தது! 1965இல் சிங்கப்பூர் பிரிந்தது. அதே ஆண்டு கோப்பையை வென்றதும் சிங்கப்பூர்தான், அதுவும் சிலாங்கூரை 3–1 என்று வீழ்த்தி. நாடு பிரிந்த பிறகும் அணி பிரியவில்லை. நம் கோப்பைக்காகப் பிறகும் வந்து ஆடியது. மாமியார் வீட்டை விட்டுத் தனிக்குடித்தனம் போன மருமகள் தீபாவளிக்கு மட்டும் வந்து, பெரிய நாற்காலியில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது மெர்டேக்கா அரங்கம். சிங்கப்பூருக்கு நாங்கள் போனால் கல்லாங்கில் இருந்த அவர்களுடைய தேசிய அரங்கத்தின் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது என்று அப்பா சொல்வார்.

1975 முதல் 1981 வரை நடந்த ஏழு இறுதி ஆட்டங்களில் ஆறு சிலாங்கூர்–சிங்கப்பூர். 1977இல் மட்டும் நடுவில் பினாங்கு வந்து நின்றது. சிங்கப்பூர் கூடுதல் நேரத்தில் 3–2 என்று வென்றது. அதைப் பினாங்குக்காரர்கள் இன்றுவரை எங்களிடம் புலம்புகிறார்கள். ஏதோ நாங்கள் தோற்கடித்ததுபோல! மற்ற ஆறில் ஐந்து எங்களுக்கு. ஒன்றுதான் அவர்களுக்கு. அந்த ஒன்று எங்கள் வீட்டில் செய்த சேதத்தைச் சொல்கிறேன்.

என் அத்தையைச் சிங்கப்பூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமா துறைமுகத்தில் வேலை. நல்ல மனிதர், கால்பந்து என்று வந்தால் மட்டும் நல்ல மனிதர் இல்லை. 1980 இறுதி ஆட்டத்துக்கு அவர் கோலாலம்பூர் வந்து எங்கள் வீட்டிலேயே தங்கினார். அப்பாவும் அவரும் ஒரே பஸ்ஸில் அரங்கத்துக்குப் போனார்கள். சிங்கப்பூர் 2–1. வெற்றிக் கோலை அடித்தது ஃபாண்டி அகமட் என்ற பதினேழு வயதுப் பையன். திரும்பி வரும்போது இருவரும் தனித்தனி பஸ்ஸில் வந்தார்கள். அம்மா ஆட்டுக்கறி சமைத்து வைத்திருந்தார். மாமா இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். அப்பா தலைவலி என்று படுத்துவிட்டார். அடுத்த ஆண்டு 4–0 என்று நாங்கள் வென்றபோது அப்பா தபால் நிலையம் திறக்கும்வரை வாசலில் நின்று தந்தி அடித்தார். செய்தி ஒரே ஒரு சொல்: "நான்கு". ஊரில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துத் தந்தியைக் கையில் வாங்கிய அத்தை அழுதேவிட்டாராம். அதன்பிறகு ஒரு தீபாவளிக்கு அங்கிருந்து பலகாரம் வரவில்லை.

பகை என்றால் இது தம்பி. உங்கள் காணொளியில் வரும் புகைக்குண்டுகள் இல்லை.

இன்னொருவருக்கு வேறு சந்தேகம். கோலாலம்பூரில் இருந்துகொண்டு எதற்குச் சிலாங்கூரைத் தூக்கிப் பிடிக்கிறீர்கள், 2021இல் ஜேடிதியைத் தோற்கடித்துக் கோப்பை வாங்கிய நம் கோலாலம்பூரை ஏன் பேசவில்லை என்கிறார். நான் பிறந்தபோது செந்தூல் சிலாங்கூரில் இருந்தது. 1974இல்தான் கோலாலம்பூரைச் சிலாங்கூரிலிருந்து பிரித்துக் கூட்டரசுப் பிரதேசம் ஆக்கினார்கள். எல்லைக்கோட்டை மாற்றியவர்கள் என்னைக் கேட்டு மாற்றவில்லை.

அப்போது ஆடியவர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் இல்லையே என்பதும் ஒரு குற்றச்சாட்டு. உண்மைதான். நம் நாட்டில் அரைத் தொழில்முறை லீக் வந்ததே 1989இல்தான். அதற்கு முன் பகலில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் பயிற்சிக்கு வந்தார்கள். அதனால் அவர்கள் ஆட்டம் குறைந்துவிட்டதா? அந்த மனிதர்கள்தான் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடினார்கள். 1974 ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கினார்கள். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்கும் தகுதி பெற்றார்கள். நம் நாடு அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் போக முடியவில்லை. தொழில்முறை வந்து இத்தனை ஆண்டுகளில் எத்தனை ஒலிம்பிக்குக்குப் போயிருக்கிறோம்? கேட்டால் கோபம் வருகிறது.

தொண்ணூறுகளில் காசுக்கு ஆட்டத்தை விற்கும் சூதாட்டம் நடந்ததே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நடந்தது. பலர் பிடிபட்டார்கள், பலருக்குத் தடை. அதை நான் மறைக்கவில்லை, அதைப் பற்றி இப்போது பேசவும் இல்லை. 1994இல் சிங்கப்பூர் லீக்கையும் கோப்பையையும் சேர்த்தே வென்றது. ஷா ஆலாமில் பகாங்குக்கு எதிராக 4–0. பிறகு நுழைவுக் கட்டண வருமானத்தைப் பங்கிடுவதில் இங்குள்ள சங்கத்தோடு தகராறு. விலகிவிட்டார்கள். 2012இல் லயன்ஸ் XII என்ற அணிப்பெயரில் மறுபடி வந்து, 2013இல் லீக்கை வென்று, 2015 முடிவில் மறுபடி போய்விட்டார்கள். பணத்தகராறில் முடிந்துபோனதால்தான் இன்று ஒரு பிள்ளைக்கும் தெரியவில்லை. பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கேலி செய்பவர்களைத்தான் சொல்கிறேன்.

இனி நான் சொல்லப்போவதற்கு நிச்சயம் திட்டு விழும். விழட்டும்.

அந்த ஆட்டங்களில் இரண்டு பக்கமும் நம் ஆட்கள் இருந்தார்கள். இந்தப் பக்கம் ஆர். ஆறுமுகம். அந்த நீளக் கைகளுக்காக ஊரே ஸ்பைடர்மேன் என்று கூப்பிட்ட கோல்காவலர். இந்தப் பக்கம் எம். சந்திரன், மியூனிக்கில் மலேசிய அணிக்குத் தலைவர். அந்தப் பக்கம் எஸ். ராஜகோபால், பந்தை வளைத்து அடிப்பதில் பெயர்போனவர். பிறகு வி. சுந்தரமூர்த்தி, சுவிட்சர்லாந்தின் பாசல் அணிவரை போனவர். சிலாங்கூருக்காகக் கோல்களைக் குவித்த மொக்தார் டஹாரியை இந்த நாடு மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. அவருக்குப் பின்னால் கோல்கம்பத்தில் நின்றவரை மட்டும் ஏன் மறக்க வேண்டும்? தமிழில் பேசும் காணொளியில்கூட அவர் பெயர் வராவிட்டால் வேறு எங்கே வரும்?

"எல்லாவற்றிலும் தமிழன் தமிழன் என்று ஏன் பேசுகிறீர்கள், விளையாட்டில் இனம் வேண்டாம்" என்று உடனே வருவார்கள். வாருங்கள். நான் தடுப்பாட்டக்காரர்கள் சந்தோக் சிங்குக்கும் சோ சின் ஆனுக்கும் சேர்த்துத்தான் கைதட்டி வளர்ந்தேன். பெயரைச் சொன்னால் இனவாதம், சொல்லாமல் விட்டால் ஒற்றுமை என்றால் அந்த ஒற்றுமை எனக்கு விளங்கவில்லை.

ஆறுமுகத்தை நான் ஒரே ஒரு முறை நேரில் பார்த்திருக்கிறேன். அண்ணனுக்குக் காய்ச்சல் வந்ததால் அவனுடைய டிக்கெட் எனக்குக் கிடைத்தது. சிங்கப்பூர்கூட இல்லை, பேராக்குக்கு எதிரான ஒரு சாதாரண லீக் ஆட்டம். அப்பா கச்சாங் பூத்தே (வறுத்த கடலை) வாங்கிக் கொடுத்து, பெண் பிள்ளை தொலைந்துவிடக் கூடாதென்று என் பின்னலைப் பிடித்துக்கொண்டே ஆட்டம் பார்த்தார். மூலையிலிருந்து வந்த பந்தை, எல்லார் தலைக்கும் மேலே, ஒற்றைக் கையால் அவர் எடுத்தார். தட்டிவிடவில்லை, எடுத்தார். எனக்கு முன்னால் இருந்த மலாய்க்காரப் பெரியவர் எழுந்து நின்று "ஆறு! ஆறு!" என்று கத்தினார். 1988இல் அவர் கார் விபத்தில் இறந்த செய்தி வந்த அன்று எங்கள் வரிசை வீடுகளில் ஒரு வானொலியும் பாடவில்லை. இதை எனக்கு யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று கேட்கிறார் அந்தத் தம்பி.

இப்போது அணிப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். நம் பெயர்களை விரல் விட்டு எண்ணலாம். 2010இல் கே. ராஜகோபால் தேசிய அணியின் பயிற்றுநராக இருந்து தென்கிழக்காசிய நாடுகளின் சுசுகி கோப்பையை வாங்கிக் கொடுத்தார். அப்போது எல்லாரும் மார்தட்டினோம். அதன்பிறகு? தோட்டங்கள் துண்டானபோது தோட்டத்துத் திடல்களும் சேர்ந்து போயின. குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் ஆடிய புல்வெளிகளில் அடுக்குமாடிகள் நிற்கின்றன. என் தங்கை மகனுக்குப் பதின்மூன்று வயது, இடதுகால் ஆட்டக்காரன். மணிக்கணக்கில் வாடகை கட்டி ஃபுட்சால் கொட்டகையில் ஆடுகிறான். முழுத் திடலில் ஆடியதே இல்லை. தேர்வுக்குக் கூட்டிப் போனபோது, உயரம் போதாது என்று பந்தைத் தொடுவதற்கு முன்பே அனுப்பிவிட்டார்கள். எந்த அணி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வரும்வரை அவன் காலணியைக் கழற்றவில்லை.

தம்பி, உங்கள் அடுத்த காணொளிக்கு இதை எடுத்துக்கொள்ளுங்கள். இத்தனை கோல்காவலர்களும் தடுப்பாட்டக்காரர்களும் வந்த வீடுகளிலிருந்து இப்போது ஏன் யாரும் வருவதில்லை என்று பேசுங்கள். பேசினால் முதல் ஆளாக நானே பகிர்கிறேன். இல்லை, சிரிப்புப் பொம்மைதான் போடுவேன் என்றால் அதையும் போடுங்கள். என் பின்னூட்டத்தை நான் நீக்கப்போவதில்லை.