'தானாகவே விலகினாராம்!'

ஆளை உட்கார வைத்து ராஜினாமாக் கடிதத்தை எழுதி வாங்கிக்கொண்டு, 'அவராகவே விலகிவிட்டார்' என்று கோப்பை மூடிவிடும் முதலாளிகள் மேல் எனக்குக் கோபம் உண்டு. அந்த ஒற்றைத் தாளை வேதவாக்காக எடுத்துக்கொண்டு வேலை இழந்தவரின் ஆதரவுத்தொகை விண்ணப்பத்தைத் தள்ளிவிடும் நடைமுறை மேல் அதைவிடக் கூடுதலான கோபம் உண்டு.

என் அண்ணன் சிங்கப்பூரின் துவாஸில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்தார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. சம்பளம் ஏறத்தாழ 3,200 வெள்ளி. ஒரு நாள் மாலை, வேலை முடியும் நேரத்தில் மனிதவளப் பிரிவின் அறைக்கு அழைத்திருக்கிறார்கள். மேசைமேல் கடிதம் தயாராக இருந்தது. அவருடைய பெயர், அடையாள அட்டை எண், 'சொந்தக் காரணங்களுக்காக' என்ற வாசகம் எல்லாம் முன்கூட்டியே தட்டச்சாகி, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். கையெழுத்துப் போட்டால் நல்ல பெயரோடு போகலாம், போடாவிட்டால் வேலைத்திறன் சரியில்லை என்று நீக்க வேண்டிவரும், அடுத்த இடத்தில் யாராவது விசாரித்தால் அதைத்தான் சொல்ல வேண்டியிருக்கும் என்று சிரித்த முகத்தோடு சொன்னார்களாம். வீட்டுக் கடனும் பாலிடெக்னிக்கில் படிக்கும் மகளும் உள்ள மனிதர் அங்கே வேறு என்ன செய்வார்?

இதில் நிறுவனத்துக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஆட்குறைப்பு என்று ஒப்புக்கொண்டால், பத்துப் பேருக்குக் குறையாமல் வைத்திருக்கும் முதலாளி, ஊழியரிடம் தெரிவித்த ஐந்து வேலை நாள்களுக்குள் மனிதவள அமைச்சுக்கும் தெரிவித்தாக வேண்டும். இரண்டாண்டு சேவை முடித்தவர்களுக்கு ஆட்குறைப்பு அனுகூலத்தொகை பற்றிய பேச்சும் எழும். சேவை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டு வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம் வரை கொடுப்பது இங்குள்ள வழக்கம். ராஜினாமாக் கடிதம் கையில் இருந்தால் இரண்டுமே இல்லை. ஒரு பேனாவின் செலவில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

2025 ஏப்ரலில் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம் தொடங்கியபோது மனதார வரவேற்றவர்களில் நானும் ஒருத்தி. மாதம் 5,000 வெள்ளி வரை சம்பாதித்தவர்கள் தம் விருப்பமின்றி வேலையை இழந்தால், முதல் மாதம் 1,500 வெள்ளி வரை, பிறகு படிப்படியாகக் குறைந்து, ஆறு மாதங்களில் மொத்தம் 6,000 வெள்ளி வரை கிடைக்கும். சும்மா தூக்கிக் கொடுக்கும் பணமும் இல்லை. மாதாமாதம் வேலைக்கு விண்ணப்பித்து, பயிற்சிக்குப் போய், புள்ளிகள் சேர்த்துக் காட்ட வேண்டும். அண்ணன் அதற்கெல்லாம் தயாராகத்தான் இருந்தார். ஆனால் வேலை எப்படிப் போனது என்பதற்கு ஆவணம் கேட்டார்கள். அவரிடம் இருந்தது அந்தக் கடிதம் ஒன்றுதான். தகுதி நிபந்தனைகள் பூர்த்தியாகவில்லை என்று இரண்டே வரியில் பதில் வந்தது.

சரி, உதவி கேட்கலாம் என்று புறப்பட்டோம். என் பொறுமை போனது அங்கேதான். தொலைபேசியில் பேசியவர், இணையப் பக்கத்தில் நாங்கள் ஏற்கெனவே படித்த நிபந்தனைகளையே மறுபடியும் வாசித்துக் காட்டினார். முகப்பில் இருந்தவரோ, முன்னாள் முதலாளியிடம் போய், நீக்கியதாக ஒரு கடிதம் வாங்கி வரும்படி சொன்னார். கழுத்தில் கத்தி வைத்தவனிடமே போய்ச் சான்றிதழ் கேட்டு வா என்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்கும் போனோம். அங்கிருந்த தொண்டூழியர் பொறுமையாகக் கேட்டு நல்ல கடிதம் ஒன்று எழுதித் தந்தார், பாவம். அதற்கு வந்த பதிலிலும் அதே இரண்டு வரிதான், முன்னாலும் பின்னாலும் மரியாதைச் சொற்கள் மட்டும் கூடியிருந்தன.

இவர்களில் ஒருவர்கூடச் சொல்லாத ஒரு செய்தியை நாங்களாகத் தேடிப் படித்துத்தான் தெரிந்துகொண்டோம். கட்டாயப்படுத்தி வாங்கிய ராஜினாமாவும் பணிநீக்கமாகவே கருதப்படலாம் என்று அரசாங்கமும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து வகுத்த, நியாயமற்ற பணிநீக்கம் குறித்த முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள் தெளிவாகச் சொல்கின்றன. அதற்காக, டேடம் என்று எல்லோரும் சொல்லும், வேலையிடச் சச்சரவுகளைக் கையாளும் முத்தரப்பு அமைப்பிடம் முறையிடவும் வழி இருக்கிறது. ஆனால் கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் முறையிட்டுவிட வேண்டும். ஆதரவுத் திட்டமோ, வேலை போய் ஒரு மாதமாவது ஆனவர்களுக்குத்தான். அதாவது, அந்தக் கடிதம் தன் காலை வாரிவிட்டது என்பதை ஒருவர் நிராகரிப்பு வந்த பிறகே உணர்கிறார். அதற்குள், அந்தக் கடிதம் செல்லாது என்று வாதாடுவதற்கான கெடு முடிந்துபோயிருக்கிறது. இரண்டு விதிகளையும் தனித்தனியாகப் பார்த்தால் இரண்டிலும் நியாயம் தெரியும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அதிகாரி எவரும் இல்லையா?

தவறான ஆள்கள் பணம் வாங்கிவிடக் கூடாது என்ற கவலை எனக்கும் புரிகிறது. வேறு இடத்தில் நல்ல வேலை கிடைத்துத் தானாக விலகியவருக்கு ஆதரவுத்தொகை எதற்கு? ஆனால் பல்லாண்டு ஒரே இடத்தில் உழைத்த, ஐம்பது வயது தாண்டிய ஒருவர், கையில் வேறு வேலையில்லாமல், 'சொந்தக் காரணங்களுக்காக' ஒரே மாலையில் விலகிப்போவாரா என்ற கேள்வி விண்ணப்பத்தைப் பார்த்தவருக்கு எழுந்திருக்க வேண்டாமா? விண்ணப்பப் படிவத்தில் 'ராஜினாமா' என்பதற்குக் கீழே, 'எழுதிக் கொடுக்கும்படி உங்களைக் கட்டாயப்படுத்தினார்களா?' என்று ஒரு கேள்வியைச் சேர்க்க எத்தனை வெள்ளி செலவாகிவிடும்? ஆம் என்பவரை அன்றைக்கே டேடத்துக்கு அனுப்பி, விண்ணப்பத்தை முடிவு வரும்வரை நிறுத்தி வையுங்கள். ஒரு மாதக் கெடுவையும், நிராகரிப்பு வந்த நாளிலிருந்து எண்ணுங்கள்.

அதுவரை, மனிதவளப் பிரிவு அழைத்து, தட்டச்சு செய்த கடிதத்தை நீட்டினால் அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்துவிடுங்கள். முடிந்தால் அந்தத் தாளையும் கையோடு எடுத்துக்கொண்டு வாருங்கள்.