நெய்தல் மீட்சிக் காசையும் கல்லில் கொட்ட வேண்டாம்

ஆனி, ஆடியில் கடல் ஏறினால் எங்கள் ஊர்க்காரர்கள் முதலில் கேட்பது கரையில் போடக் கல்தான். நானும் கேட்டிருக்கிறேன். அலை திண்ணையைத் தொடும்போது மணலைப் பிடித்து வைக்கும் அடும்பங்கொடியைப் பற்றி எவரும் பேச மாட்டார்கள். அதனால் கல்லே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை.

2023-24 தமிழ்நாடு பட்ஜெட்டில் நெய்தல் மீட்சி இயக்கம் அறிவித்தார்கள். உலக வங்கி உதவியோடு ஐந்தாண்டில் சுமார் 2,000 கோடி ரூபாய். கடலரிப்பைத் தடுக்க, கடல் மாசைக் குறைக்க, கடல்வாழ் உயிர்களைக் காக்க. அதே ஆண்டு ஜூனில் மத்திய அரசு அலையாத்திக் காடுகளுக்கு மிஷ்டி திட்டத்தைத் தொடங்கியது. (பெயர் மிட்டாய்க்கடை மாதிரி இருக்கிறது, சரி, போகட்டும்.)

இந்தக் காசும் கல்லுக்கே போய்விடுமோ என்பதுதான் என் பயம். கல் என்றால் லாரியை எண்ணி பில் போடலாம். மணல்மேட்டில் ராவணன் மீசைப் புல் வேர்பிடித்ததற்கு என்ன பில் போடுவார்கள்?

நம் கன்னியாகுமரி மாவட்டக் கரை ஏறத்தாழ 72 கிலோமீட்டர். அதில் மணல் ஓரிடத்தில் கிடப்பதில்லை, நீவாட்டோடு, அதாவது கடல் நீரோட்டத்தோடு, நகர்ந்துகொண்டே இருக்கும். கரையிலிருந்து கடலுக்குள் கல் அடுக்கிப் போடும் தூண்டில் வளைவு அதை மறித்து ஒரு பக்கம் குவித்தால், மறுபக்கத்து ஊரில் கரை அரிக்கும். அப்புறம் அந்த ஊரும் வளைவு கேட்கும். எங்கள் சித்தப்பா சொல்வார்: "மக்கா, கல்லு போட்டா கடலு நிக்காது, பக்கத்து ஊருக்குப் போவும் பாத்துக்க." கடற்சுவர் எழும்பிய ஊரில் கரைமடி வலை இழுக்க இடமில்லை, வள்ளம் ஏற்ற இடமில்லை, ஆமைக்கு முட்டையிடவும் இடமில்லை.

செடி நட்டால் மட்டும் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. சில வருடம் முன்பு மணக்குடிக் காயலோரம் கண்டல் (அலையாத்தி) நட்டார்கள். நானும் முழங்கால் சேற்றில் இறங்கி நட்டேன். போட்டோ எடுத்தார்கள், டீயும் பப்ஸும் தந்தார்கள். அப்புறம் காயல் கடலோடு சேர்கிற பொழி மணலால் அடைத்துக்கொண்டது, காயலில் தண்ணீர் ஏறி நின்றது, வேர் ஊன்றாத கன்றெல்லாம் முங்கி அழுகின. கேட்டால், நடத்தான் பணம் வந்ததாம், பராமரிக்க வரவில்லையாம். பொழி எப்போது அடைக்கும், எந்தத் திட்டில் தண்ணீர் நிற்காது என்று காயலில் வலை வீசுகிற யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். போதாததற்கு, பழையாறு நாகர்கோவில் சாக்கடையைச் சுமந்துகொண்டு அதே காயலில்தான் வந்து விழுகிறது. அதை விட்டுவிட்டுக் கன்று நடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் கோருகிற கதை.

ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தாலே போதும்: மூன்றாம் வருடம் உயிரோடு நிற்கும் கன்றை எண்ணித்தான் கடைசித் தவணை. காவலுக்கும் களையெடுப்புக்கும் ஊர்ப் பெண்களுக்குக் கூலி. கடலுக்குள் செயற்கைப் பார் (மீன் அண்டுகிற பாறைத்திட்டு) போடுவதானால், மலையையும் கோயில் கோபுரத்தையும் அடையாளம் வைத்துப் பார் தேடிப் போகிறவர்கள் காட்டுகிற இடத்தில் போடட்டும்.

அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாக எழுதிக் கொடுக்கப் போகிறேன். மேல்கரை, கீழ்கரை ஆட்கள் கூட வந்தால் நல்லது. சித்தப்பா வருவதாகச் சொல்லியிருக்கிறார், அன்று கடலில் மீன்பாடு இல்லையென்றால்.