"அது அவங்க நம்பிக்கை, விடுங்க"

யாராவது இப்படிச் சொல்லிவிட்டால் போதும், பேச்சு அத்தோடு நின்றுவிடும். கேட்க மரியாதையாக இருக்கிறது. எனக்கென்னவோ இது பேசச் சோம்பல்பட்டுச் சொல்வதாகத்தான் படுகிறது.

மாசிமகத்துக்குக் கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் தீர்த்தவாரி பார்க்க நிற்பவரிடம் போய் ஆதாரம் கேட்க எனக்குப் பைத்தியமா? அது வேறு. சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஷாயம் குடிக்கிற எங்கள் பெரியப்பாவும் "என் நம்பிக்கை" என்கிறாரே, அதைத்தான் சொல்கிறேன். "புயல் நம்ம பக்கம் வராது, எனக்கு நம்பிக்கை இருக்கு" என்பவரும் இந்த வகைதான். 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றச் சொல்கிற வானிலைத் துறையினர் கணிப்பும் சில சமயம் தப்புகிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஏன் தப்பியது என்று அவர்களைக் கேட்கலாம். பெரியப்பாவிடம் கேட்டால் சண்டை.

அரசியலில் மட்டும் நாம் இதில் கறார். புதுச்சேரியில் 2021 பிப்ரவரி 22 அன்று நாராயணசாமி அரசு சட்டமன்றத்தில் நம்பிக்கை கோரியபோது பார்த்தது தலைக்கணக்கைத்தான். பலம் இல்லை, ஆட்சி போயிற்று.

இத்தனைக்கும் நம்பிக்கையை மாற்றிக்கொள்வது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. திருவாமூரில் பிறந்த அப்பர் சமணத்துக்குப் போனார், அங்கே தருமசேனர் என்று பேர் பெற்றார், சூலை நோய் வந்து திருவதிகையில் சைவத்துக்கே திரும்பினார் என்கிறது பெரியபுராணம். அவரைக் கல்லோடு கட்டிக் கடலில் போட, கல்லே மிதந்து கரைசேர்த்த இடம் என்று கரையேறவிட்ட குப்பத்தைக் காட்டுவார்கள். கல் மிதந்ததா என்று அங்கே போய்க் கேட்டால் அடி விழலாம். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, அவர் இரண்டு முறை மாறியதுதான்.

அப்புறம் வள்ளலார். 1873இல் மேட்டுக்குப்பத்தில் செய்த பேருபதேசத்தில், முன்பு சைவத்தில் தனக்கிருந்த பற்று இவ்வளவென்று சொல்ல முடியாது, இப்போது அதை விட்டுவிட்டேன் என்கிறார். சிவனை உருகி உருகிப் பாடியவர் பொதுவில் சொன்னது இது.

அதனால் இப்போதெல்லாம் "என் நம்பிக்கை" என்பவரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: "எதைப் பார்த்தா மாத்திக்குவீங்க?" குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதைக் கேட்டதும் அத்தை வெளியேறிவிட்டார். பெரியப்பா குழுவில் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி தனியாகப் போன் செய்து, சர்க்கரை டெஸ்ட் எடுக்க வெறும் வயிற்றில் போகணுமா என்று கேட்டார்.